பதினோரு வட்டங்கள்

வீடு வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் சமையலறையைத்தான் போய்ப் பார்க்கிறார்கள். அது தப்பு. குளியலறைக்கு அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். சுவருக்குள் ஈரம் ஏறி ஓதம் இருந்தால் அங்கேதான் முதலில் தலைகாட்டும். இதைச் சொல்ல என்னை இங்கே உட்கார வைக்கவில்லை என்று தெரியும் ஐயா. எங்கேயாவது ஓரிடத்தில் தொடங்க வேண்டுமே.

நான் சொல்லச் சொல்ல உங்கள் ஸ்டேஷன் ஆள் எழுதட்டும் என்றீர்கள். நான் வேண்டாம் என்றேன். அவர் எழுதினால் மேடுபள்ளத்தை நிரவி, பட்டி பார்த்து, வழவழவென்று ஆக்கிவிடுவார். அப்புறம் எது நான் சொன்னது, எது அவர் பூசினது என்று எனக்கே தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

மேசைமேல் பேப்பர் போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே, அந்தக் காரைத் துண்டு என்னுடையதுதான். அதை நான் பார்க்கிறேனா என்று நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அதன் மூலையில் இருக்கிற குழி என் கட்டைவிரல். பூச்சு முடிந்து ஈரம் காயுமுன் மூலையில் ஒரு தடவை விரலை அழுத்துவேன். பத்தொன்பது வயதிலிருந்து பழக்கம். யாரும் பார்க்கக் கூடாத வேலையிலும் கை அதைச் செய்துவிடுகிறது.

நாற்பத்து நாலு வருஷம் பூச்சு வேலை பார்த்தேன். தோளுக்கு மேலே கை எழும்பாமல் போனதும் தட்டிப் பார்க்கிற வேலைக்கு வந்தேன். வீடு வாங்க நினைக்கிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். என்னிடம் காரை பூசுகிற பழைய கரணை ஒன்று இருந்தது. இரும்பு முறிந்து மரப்பிடி மட்டும் மிஞ்சியது. அந்தப் பிடியால் சுவரை ஜாண் ஜாணாகத் தட்டுவேன். உள்ளே கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம். பூச்சு சுவரை விட்டுப்போயிருந்தால் டொக் என்று கேட்கும். கேட்ட இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுவேன். விற்கிறவரும் வாங்குகிறவரும் வட்டங்களைப் பார்த்துப் பேசி முடித்துக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே எனக்கு மேஸ்திரி என்று பேர். முதுகுக்குப் பின்னால் டொக்கு.

தட்டி முடித்ததும் வாங்குகிறவர் ஒரு கேள்வி கேட்பார். "மேஸ்திரி, இந்த வீட்டுல உங்க பிள்ளையக் குடி வைப்பீங்களா?" யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியவில்லை, எல்லாரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். வட்டத்தைவிட அந்தப் பதில்தான் அவர்களுக்குப் பெரிசு. வைப்பேன் என்றால் பத்திரம் பார்க்கப் போவார்கள். மாட்டேன் என்றால் செருப்பை மாட்டிக்கொள்வார்கள்.

அந்த வேலையில் நான் எல்லாருக்கும் சொன்ன புத்தி ஒன்றுதான். நன்றாக வைத்துக்கொண்ட பழைய வீடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. புதுப்பித்த வீடு என்றால் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, வாங்காமல் திரும்பி வா. பழைய வீட்டில் விரிசல் இருந்தால் அது உன் கண்ணெதிரே இருக்கும். முப்பது வருஷமாக அதே நீளத்தில் நின்றிருக்கும். நொண்டுகிற கிழவனைப் பார்த்தால் எந்தக் கால் என்று தெரியும் இல்லையா, அப்படி. புதுப்பித்த வீட்டில் விரிசலே இருக்காது. அதுதான் பயம். தான் குடியிருக்க ரிப்பேர் செய்கிறவன் ஓட்டையை அடைப்பான். விற்பதற்கு ரிப்பேர் செய்கிறவன் உன் கண்ணை அடைப்பான். நான் அப்படி எத்தனை பேர் கண்ணை அடைத்துக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் யாரையும் நம்புவதில்லை.

எனக்கு ஒரே பிள்ளை, பையன். அவன் என்னைக் கேட்காமல் ஒரு ஃபிளாட் வாங்கினான். புதுப்பித்தது. தலைக்கு மேலே நிஜக் கூரையை மறைக்கிற ஃபால்ஸ் சீலிங், அதில் ஒளித்து வைத்த விளக்கு. என்னையும் என் மனைவியையும் அதில் கொண்டுபோய் வைத்தான். நான் கட்டிலில் படுத்து மேலே பார்ப்பேன். வெள்ளையாக, சமமாக, ஒரு கீறல் இல்லாமல் இருக்கும். அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று நினைத்தால் தூக்கம் வராது.

"எல்லாருக்கும் மேல அதுதாங்க இருக்கு. அவங்கள்லாம் தூங்கலையா?" என்பாள் என் மனைவி.

"அவங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன கிழிச்சீங்க?"

எனக்கு வேண்டியது ஒன்றுதான். எதையும் மூடி வைக்காத ஒரு வீட்டில் மீதி நாளைக் கழிக்க வேண்டும். அது எந்த வீடு என்றும் எனக்குத் தெரியும்.

தையல்காரம்மா வீடு. பெரிய சாலையிலிருந்து மூன்றாவது தெரு, முனையிலிருந்து நாலாவது வீடு. பத்தொன்பது வயதில் நான் தனியாகப் பூசிய முதல் சுவர் அங்கேதான் இருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் என் விரல் குழி இன்னும் இருக்கிறது. தையல்காரம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டை நாற்பது வருஷமாக வைத்தது வைத்தபடி வைத்திருந்தாள். கதவில் அதே பித்தளைப் பிடி, மாடிப்படியில் அதே மரம், ஜன்னலில் அதே கண்ணாடி. வருஷம் ஒரு தடவை சுண்ணாம்பு அடிப்பாள். அதற்கு மேல் கை வைக்க யாரையும் விட்டதில்லை. மாடிப்படி ஏற முடியாமல், சின்ன வீடு ஒன்றுக்குப் போகலாம் என்று அந்த வீட்டை விற்கப் போகிறாள் எனத் தெரிய வந்தபோது என் கையில் இருந்தது அவள் கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு பெண் வந்துவிட்டாள்.

அவள் பல் டாக்டர் ஒருவரிடம் உதவிக்கு இருக்கிறவள். புருஷன் பஸ் டிரைவர். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைத் தேடிக்கொண்டு ஃபிளாட்டுக்கு வந்தார்கள்.

"பெரியப்பா, ரிப்பேர் பண்ணின வீடே வேணாம்னு இருக்கோம். இருந்தபடியே இருக்கிற வீடுதான் வேணும்."

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லல. பல்லு மாதிரிதான் பெரியப்பா. சொந்தப் பல்லு கறையா இருந்தாலும் பரவால்ல. மேல தொப்பி போட்ட பல்லு பளபளன்னு இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு படம் எடுத்தாத்தான் தெரியும்."

"இவ வீடு பாக்க வரல மேஸ்திரி," என்றான் டிரைவர். "போற வீட்டுல எல்லாம் வாயைத் திற, ஆ காட்டுன்றா."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பத்து நாலு வருஷம் தூசி தின்று நான் தெரிந்துகொண்டதை இந்தப் பெண் யார் வாயிலோ கண்ணாடியை விட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அப்படிப்பட்டவர்கள் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

அவர்கள் பார்த்து வைத்திருந்தது தையல்காரம்மா வீட்டை.

போனோம். தையல்காரம்மா மெஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, உங்க சுவரை நீங்களே தட்ட வந்துட்டீங்களா?" என்றாள். நான் ஜன்னல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் சுவர் கல் மாதிரி பதில் சொன்னது. அந்தப் பெண் என் பக்கத்திலேயே நின்றாள். அவளுக்குக் காது இல்லை. அதாவது, அந்தச் சத்தத்துக்குப் பழகின காது இல்லை.

முதல் வட்டத்தைப் போட்டபோது என் கை நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். நடுங்கவில்லை. முன்னறையில் ஐந்து, படுக்கையறையில் நாலு, மாடிப்படிக்குக் கீழே இரண்டு. மொத்தம் பதினொன்று.

"உள்ள ஓதம் ஏறியிருக்கு," என்றேன்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். "நாற்பது வருஷமா இந்தச் சுவத்துல சாஞ்சுக்கிட்டுதான் பட்டன் தைக்கிறேன் அண்ணே. ஒரு நாள் முதுகு ஈரமானதில்ல."

"ஓதம் உள்ள இருக்கும்போது வெளிய தெரியாதும்மா."

அவள் எழுந்து வந்து ஒரு வட்டத்துக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்க்கவில்லை, அந்த வட்டத்தைத்தான் பார்த்தாள். என்னைவிட வட்டத்தை நம்பினாள். அது அவள் குற்றம்.

வெளியே வந்ததும் டிரைவர் வழக்கமான கேள்வியைக் கேட்டான். உங்க பிள்ளையக் குடி வைப்பீங்களா என்று. மாட்டேன் என்றேன். என் பையனை அந்த வீட்டில் விட்டால் மறு வாரமே டைல்ஸ் ஒட்டிவிடுவான். அதனால் அது நிஜம்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மூன்று நாள் கழித்து அந்தப் பெண் மட்டும் வந்தாள்.

"பெரியப்பா, அந்தப் பதினோரு இடத்தையும் கொத்திட்டுத் திரும்பப் பூசினா சரியாயிடுமா? மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு. அந்த வீட்டை விட மனசே வரல."

கொத்தினால் தெரிந்துவிடும். உள்ளே எலும்பு மாதிரி காய்ந்த காரைதான் இருக்கும். இவர்களுக்கு வேறு ஒரு வீடு அமைந்தால் ஒழிய இவள் திரும்பத் திரும்ப இங்கேதான் வருவாள் என்று எனக்குப் புரிந்தது. "கொஞ்சம் பொறும்மா. பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு, பாக்கலாம்," என்றேன்.

அந்த இன்னொரு வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரு காண்ட்ராக்டர் இடிந்த வீடாக வாங்கிப் புதுப்பித்து, வாடகைக்கு விட்டிருந்தான். அப்போதுதான் விற்க வைத்திருந்தான். அதற்கு நாலு வருஷம் முன்னால், அவன் அதைப் புதுப்பித்தபோது, நான் நாலு நாள் அங்கே வேலை பார்த்தேன். தெருப்பக்கத்து அறையில் மாடியைத் தாங்குகிற மர உத்தரம் ஒன்று உண்டு. ஜன்னலுக்கு நேர் மேலே அதன் முனை சுவருக்குள் போகும். அந்த முனையைக் கரையான் தின்றிருந்தது. கரணைப் பிடியால் குத்திப் பார்த்தேன். பிடி முழுசும் உள்ளே போனது. வெளியே இழுத்தால் மாவு கொட்டியது.

"மூடுங்க மேஸ்திரி," என்றான் காண்ட்ராக்டர். "கீழ சீலிங் வருது. யாரு பாக்கப் போறா?"

"விழுந்தா?"

"விழுறப்ப நான் எங்கயோ, நீங்க எங்கயோ."

பொந்தைக் காரை வைத்து அடைத்தேன். மேலே பூசினேன். மூலையில் விரலை அழுத்தினேன். அந்தத் துண்டைத்தான் நீங்கள் மூடி வைத்திருக்கிறீர்கள்.

டிரைவருக்கு வீட்டைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "இதுதான் வீடு. அது மியூசியம்," என்றான். அந்தப் பெண் மட்டும் நடு அறையில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பி போட்டிருக்காங்க பெரியப்பா."

"இப்ப எல்லா வீட்டுலயும் போடுறதுதான்."

"உள்ள பாக்க முடியாதா?"

"நான் சுவர் தட்டுறவன்மா. மேல கை எட்டாது."

தோளைத் தூக்கிக் காட்டினேன். நிஜமாகவே எட்டாது. சுவர்களைத் தட்டினேன். புதுப் பூச்சு, எங்கும் கெட்டி. ஒரு வட்டம்கூடப் போடவில்லை. போட வேண்டிய இடம் சுவரில் இல்லையே. பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் அவர்கள் அங்கே குடிபோனார்கள். தையல்காரம்மா வீட்டுக்கு நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள். வட்டங்களைப் பார்த்ததும் போய்விட்டார்கள். அவள் அவற்றை அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்று கேட்டதற்கு, "வாங்குறவங்களுக்குத் தெரியாம மறைக்கிறது பாவமில்லையா அண்ணே," என்றாள். கடைசியில் என்னிடமே, நான் சொன்ன விலைக்கே கொடுத்தாள். "ஓதம்னு தெரிஞ்சும் வாங்குறாரே, அண்ணன்தான் மனுஷன்," என்று என் மனைவியிடம் வேறு சொல்லியிருக்கிறாள்.

சாவி கைக்கு வந்த அன்று பகலில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வட்டமாகத் துடைத்தேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதானா ஓதம்?" என்றாள்.

நான் துணியைப் பிழிந்தேன்.

"துடைச்சா போயிடுற ஓதமா?"

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. வீடு அமைதியாக இருந்தது. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் உத்தரம் தெரியும், பலகை தெரியும், பலகைக்கு நடுவே இடுக்கு தெரியும். ஒரு வருஷம் நான் நன்றாகத் தூங்கினேன்.

வீட்டுக்குக் கிடைத்த பணத்தில் தையல்காரம்மாவால் வேறு வீடு பார்க்க முடியவில்லை. அந்தப் பல்காரப் பெண் ஏற்கெனவே அவளிடம் துணி தைக்கக் கொடுத்துப் பழகியிருந்தாள். "எங்க கூடவே வந்துடுங்க அத்தை, தெருப்பக்கத்து ரூம் சும்மாத்தான் கிடக்கு," என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இது எனக்கு முதலில் தெரியாது. நம்புங்கள், நம்பாமல் போங்கள். ஒரு நாள் மாலை நடக்கப் போனபோதுதான் பார்த்தேன். தையல்காரிக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் ஜன்னலில்தான் இருக்கும். ஜன்னலுக்கு நேர் கீழே மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, வீடு எப்படி இருக்கு? ஓதம் ரொம்பத் தொந்தரவா?"

"பரவால்லம்மா."

"பாத்துக்குங்க. வயசான காலத்துல நெஞ்சுல சளி கட்டிடும்."

நான் ஜன்னலுக்கு மேலே பார்த்தேன். "மெஷினை அந்த மூலையில போட்டா காத்து நல்லா வருமே," என்றேன். அவள் சிரித்தாள். "காத்து எதுக்கு? இங்கதான் ஊசிக் காது தெரியுது."

ஆக, நான் சொன்னேன் ஐயா. அவள் கேட்கவில்லை. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாலு தடவை அந்த வழியாகப் போனேன். அவள் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கிக் காட்டுவாள். நானும் காட்டுவேன், தோள் வரைக்கும். வேறு தெரு வழியாகவும் போயிருக்கலாம். போகவில்லை. இன்னும் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. என் பூச்சு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கும் தெரியாதே.

மூன்று நாள் மழை. நாலாம் நாள் வெயில் அடித்தது. காலை பதினொன்றரை இருக்கும். நான் ஜன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. முதலில் பெரிசாக ஒன்று, பிறகு சின்னதாகப் பல.

"என்னங்க அது?" என்றாள் என் மனைவி.

"லாரி," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சரியாக அந்தத் தெருவுக்குத்தான் ஓடினாள். நான் மீதிக் கண்ணாடியைத் துடைத்து முடித்தேன். பழைய கண்ணாடி, பாதியில் விட்டால் கறை நின்றுவிடும்.

உத்தரமும் சீலிங்கும் விழுந்து, தையல்காரம்மா மெஷின்மேலேயே செத்துக் கிடந்தாள் என்று சொன்னார்கள். அந்தப் பெண் அவளுக்கு டீ கொண்டுவந்து நீட்டின நேரம். நீட்டின கை இடிபாட்டுக்கு உள்ளே, உடம்பு வெளியே. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். பல் டாக்டரிடம் இனி அவளுக்கு வேலை இருக்காது. டிரைவர் அன்றைக்கு வண்டியில் இருந்தான். என் மனைவி திரும்பி வரவில்லை. அங்கிருந்து நேரே பையன் ஃபிளாட்டுக்குப் போய்விட்டாள், அந்தச் சீலிங்குக்குக் கீழே. அவள்தான் உங்களிடம் வட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவள்மேல் எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு.

காண்ட்ராக்டரையும் பிடித்திருப்பதாகச் சொன்னீர்கள். அவன் என்மேல் போடுவான். போடட்டும். அவனுக்கு அந்த வீட்டை யார் வாங்கப் போகிறார்கள் என்று தெரியாது. எனக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான். அதை நான் மறைக்கவில்லை.

ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். நான் உள்ளே போனதும் என் பையன் அந்த வீட்டுக்கு ஆளை அனுப்புவான். டைல்ஸ், சீலிங் என்று ஆரம்பிப்பான். விடாதீர்கள். பூட்டி வையுங்கள். அந்தத் தெருவில் எதையும் ஒளித்து வைக்காத வீடு அது ஒன்றுதான்.

இனி அந்தப் பெண் கேட்ட கேள்வி. ஆஸ்பத்திரியில் நீங்கள் அவளிடம் எழுதி வாங்கியிருப்பீர்கள். நானும் எழுதுகிறேன், ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பித்த வீட்டின் வாசலில் டிரைவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேள்வியை எல்லாரையும்போலக் கேட்கவில்லை. "பெரியப்பா, உங்க மகளா இருந்தா இங்க குடி வைப்பீங்களா?" என்றாள்.

வைப்பேன் என்றேன்.

எனக்கு மகள் கிடையாது ஐயா. அதனால் அதைப் பொய் என்று நீங்கள் எழுத முடியாது.